நெடுமொழியும் நிலமும்: ஹனுமான்கைண்ட் சொல்லிசைப் பதிவுகளில் கருப்பொருள்

முன்னுரை

ஒரு பாடல் எந்த நிலத்திற்கு உரியது என்னும் வினா தமிழ்ப் பொருளிலக்கணத்தின் அடிப்படை வினாக்களுள் ஒன்றாகும். தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். அந்நிலத்தில் தோன்றி அதனை அடையாளப்படுத்துவனவற்றைக் கருப்பொருள் என்றார். மாந்தர்தம் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றார். இம்மூன்றும் இயைந்து நிற்பதே செய்யுளின் திணை அமைதி. ஆயின், ஒரு நிலத்திற் பிறந்து, கடல் கடந்து வளர்ந்து, மூன்றாவது ஊரில் தொழில் பயின்று, அயல்மொழியில் பாடும் கலைஞனின் பாடலுக்கு நிலம் யாது? மொழி நிலத்தைச் சுட்டாத இடத்தில் வேறு எது அதனைச் சுட்டும்?

இவ்வினாவை எழுப்புதற்கு ஏற்ற சான்றாக அமைவன பெங்களூரைத் தம் கலைக்களமாகக் கொண்டு வளர்ந்த ஹனுமான்கைண்ட் என்னும் தனிச் சொல்லிசைக் கலைஞரின் இசைப்பதிவுகள். 'ராப்' எனப்படும் இசைவகையைச் 'சொல்லிசை' எனத் தமிழுலகம் வழங்கி வருகிறது. இக்கட்டுரையும் அச்சொல்லையே ஆள்கிறது. 2019 முதல் 2025 வரை வெளிவந்த இவர்தம் பதிவுகளுள் குறிப்பிடத்தக்க சிலவற்றைத் தமிழ்ப் பொருளிலக்கண நோக்கில் ஆராய்ந்து, அவற்றில் நிலம் எவ்வாறு இடம்பெறுகிறது என்பதையும், அவ்வாறு இடம்பெறுவதன் பெறுபேறும் குறைபாடும் யாவை என்பதையும் மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலைஞரும் வெளியீடுகளும்

ஹனுமான்கைண்ட் என்பது புனைபெயர். இயற்பெயர் சூரஜ் செருகாட். 1992இல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் பிறந்தவர். தந்தையின் பணி காரணமாகப் பல நாடுகளில் இளமையைக் கழித்து, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் வளர்ந்தார். பின்னர்த் தாயகம் திரும்பிக் கோயம்புத்தூரில் கல்லூரிக் கல்வி பயின்றார். பெங்களூரில் நிறுவனப் பணி ஆற்றி, அதனை விடுத்து முழுநேரக் கலைஞரானார். இராமகாதைப் பாத்திரமாகிய அனுமனின் பெயரையும் மாந்தரினம் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லையும் இணைத்து ஆக்கப்பட்டது அவர் புனைபெயர். கம்பர் அனுமனைச் 'சொல்லின் செல்வன்' என இராமன் வாயிலாகப் போற்றினார். சொல்லையே கருவியாகக் கொண்ட கலைஞர் ஒருவர் இப்பெயரைப் பூண்டமை தமிழ் வாசகர்க்கு இயல்பாகவே பொருள் தருவதாகும்.

அவருடைய முதற் சிறுதொகுப்பு 'களரி' (2019). அதனைத் தொடர்ந்தது 'சர்ஃபேஸ் லெவல்' (2020). இவற்றின் பின் தனிப்பாடல்கள் பல வெளிவந்தன. அவற்றுள் இசையமைப்பாளர் கல்மியுடன் இணைந்து ஆக்கிய 'செங்கிஸ்' பெங்களூர் வாழ்வைப் பேசுவது. 2024 ஏப்ரலில் வெளியான 'ஆவேசம்' என்னும் மலையாளத் திரைப்படத்திற்காகச் சுஷின் ஷ்யாம் இசையில் 'தி லாஸ்ட் டான்ஸ்' என்னும் பாடலைப் பாடினார். 2024 ஜூலையில் வெளியான 'பிக் டாக்ஸ்' உலகப் புகழை ஈட்டித் தந்தது. அமெரிக்காவின் பில்போர்டு முதல் நூறு பாடல்கள் பட்டியலில் அது 23ஆம் இடம் வரை உயர்ந்தது. 2025 மார்ச்சில் 'ரன் இட் அப்' என்னும் பாடலும், அவ்வாண்டு ஜூலையில் 'மான்சூன் சீசன்' என்னும் தொகுப்பும் வெளிவந்தன.

இவ்வெளியீடுகளின் பெயர்களே ஒரு நகர்வைக் காட்டுகின்றன. முதல் தொகுப்பின் பெயர் களம் ஒன்றைச் சுட்டுவது. 'களரி' என்னும் சொல் மலையாளத்தில் போர்ப்பயிற்சிக் கூடத்தைக் குறிக்கும். தமிழிலும் அது அரங்கு, களம் என்னும் பொருள்களில் வழங்கும். 2025ஆம் ஆண்டுத் தொகுப்பின் பெயரோ பருவமழைக் காலத்தைச் சுட்டுவது. முன்னது இடம், பின்னது பொழுது. முதற்பொருளின் இரு கூறுகளும் தலைப்புகளில் அமைந்துள்ளமை தற்செயலாகவும் இருக்கலாம். எனினும் பாடல் மொழி முற்றிலும் ஆங்கிலமாகவே இருக்கத் தலைப்புகள் மேலைக் கடற்கரையை நோக்கித் திரும்பி நிற்பது கருதத்தக்கது. 'களரி' என்று பெயரிட்டபோது களரியின் ஒலி முன்னிற்கவில்லை. பெயரில் வித்தாக இருந்த அந்நிலம் ஆறாண்டுகளின் பின்னரே 'ரன் இட் அப்' பாடலில் ஒலியாகவும் காட்சியாகவும் விரிந்தது.

நெடுமொழி மரபு

நிலத்தை ஆராயுமுன் உரிப்பொருளை ஆராய்தல் வேண்டும். சொல்லிசையின் தலையாய பாடுபொருள் தற்புகழ்ச்சி. பாடுவோன் தன் ஆற்றலையும், தான் கடந்து வந்த இடர்களையும், தன் குழுவினரின் உறுதியையும், எதிரிகளின் சிறுமையையும் எடுத்துரைப்பான். தன் பெயரைத் தானே கூறிக்கொள்வான். இப்பண்பை நோக்கி இவ்வகைப் பாடல்களை வெறும் ஆரவாரம் என ஒதுக்குவோர் உளர். தமிழ் மரபு இவ்வாறு எளிதில் ஒதுக்குவதற்கு இடந்தரவில்லை.

தொல்காப்பியப் புறத்திணையியலில் வீரன் நெடுமொழியைத் தன்னொடு சேர்த்துக் கூறுதல் துறையாக இடம்பெறுகிறது. புறப்பொருள் வெண்பாமாலை கரந்தைப் படலத்தில் 'நெடுமொழி கூறல்' என்றும், வஞ்சிப் படலத்தில் 'நெடுமொழி வஞ்சி' என்றும் துறைகள் வகுக்கிறது. புறநானூற்றின் 71, 72, 73ஆம் பாடல்கள் மன்னர் தாமே பாடிய வஞ்சினங்கள். ஆகவே தன்மை இடத்தில் நின்று தன் ஆற்றலை உரைப்பது புறத்திணைக்குப் புறம்பானதன்று.

நன்னூல் இன்னும் நுட்பமானது. தன்னைத் தானே புகழ்தல் புலவனுக்குத் தகாது என்று விதித்த பவணந்தி முனிவர், அதற்கு நான்கு விலக்குகள் வகுத்தார். மன்னன் அவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதாரிடையே நிற்கும்போதும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோதும், எதிரி தன்னைப் பழித்தபோதும் தற்புகழ்ச்சி தகும் என்பது அவர் கருத்து. நன்னூலை ஆக்குவித்த சீயகங்கன், கோலாரைத் தம் பழம் பதியாகக் கொண்ட கங்கர் மரபினன். பெங்களூருக்கு அணித்தாகிய நிலத்தின் பெயரைத் தாங்கிய குடியினன் ஒருவன் வேண்டுகோளால் எழுந்த இலக்கணம், இன்று பெங்களூரில் வளர்ந்த ஒரு கலைவடிவத்தை விளங்கிக்கொள்ளத் துணை நிற்பது வியப்பிற்குரியது.

சொல்லிசையின் எதிர்ப்பாட்டு அரங்குகளில் மூன்றாம், நான்காம் விலக்குகளே மிகுதியும் பொருந்தும். அங்கே எதிரி கண்முன் நிற்பான். பழிப்பிற்கு மறுபழிப்பு உண்டு. ஹனுமான்கைண்டின் பாடல்களில் இரண்டாவது விலக்கே மேலோங்குகிறது. அவர்தம் நெடுமொழிக்குக் குறிப்பிட்ட எதிரி இல்லை. இந்தியாவிலிருந்து ஆங்கிலச் சொல்லிசை வரும் என்பதனை எதிர்பாராத அயல்நாட்டு அவையும், ஆங்கிலத்தில் பாடுவதனைத் தன்னிலம் துறத்தல் எனக் கருதும் உள்நாட்டு அவையும் அவர் முன் உள்ளன. இவ்விரு அவைகளும் அவர் ஆற்றலை அறியாதன. இரண்டிற்கும் ஒருசேரத் தன்னை அறிமுகம் செய்வது அவர் நெடுமொழியின் பணியாகிறது. 'நான் யார்' என்று சொல்ல வேண்டிய இக்கட்டாயமே 'நான் எவ்விடத்தான்' என்னும் நில வினாவையும் உடன் கொணர்கிறது.

வண்ணமும் ஆங்கில ஓசையும்

ஹனுமான்கைண்ட் ஆங்கிலத்தை ஹூஸ்டன் நகரத் தென்பகுதி அழுத்தத்தோடு ஒலிக்கிறார். ஆங்கில யாப்பு அசையழுத்தத்தை அடிப்படையாகக் கொண்டது. தமிழ் யாப்போ நேர், நிரை என்னும் அசை அளவை அடிப்படையாகக் கொண்டது. எனவே தமிழ்த் தொடை இலக்கணத்தை இங்கு அப்படியே பொருத்துதல் இயலாது. தமிழில் அடிமுதலில் நிற்கும் எதுகையும் மோனையும் செல்வாக்குடையன. சொல்லிசையிலோ அடியிறுதி இயைபும், அடியினுள் அடுத்தடுத்து வரும் உள்ளியைபும் செல்வாக்குடையன.

எனினும் தொல்காப்பியர் கூறும் இருபது வண்ணங்கள் ஓசை ஓட்டம் பற்றியன ஆதலின் அவை இங்கும் பயன்படும். 'பிக் டாக்ஸ்' பாடலில் வல்லொற்று ஒலிகள் மிகுந்து வல்லிசை வண்ணத்தை ஒத்த ஓசை பிறக்கிறது. சொற்றொடர் அறுந்து அறுந்து நின்று, மீண்டும் எழுந்து செல்லும் இடங்கள் அகைப்பு வண்ணத்தை நினைவூட்டுகின்றன. நிறுத்தமின்றி உருண்டோடும் இடங்கள் உருட்டு வண்ணத்தை ஒத்தன. அகைப்பும் உருட்டும் மாறி மாறி வருவதே அவர் பாடுமுறையின் தனித்தன்மை எனலாம். மூச்சை எங்கே விடுவது, எங்கே அடக்குவது என்னும் கட்டுப்பாடு பொருளைவிட முற்பட்டுக் கேட்போரைப் பிணிக்கிறது. ஆங்கிலம் அறியாத கேட்போரும் இப்பாடலில் ஈடுபட்டமைக்கு இதுவே காரணமாகலாம். பொருள் விளங்காத நிலையிலும் நெடுமொழி நெடுமொழியாகவே கேட்கிறது.

ஓசை இவ்வாறு உரிப்பொருளைத் தாங்கி நிற்கிறது. ஆனால் அவ்வோசைக்குரிய நிலம் அமெரிக்கத் தென்பகுதியே. 'பிக் டாக்ஸ்' பாடலில் மெம்பிஸ் நகரத்துச் சொல்லிசைக் கலைஞர் புராஜெக்ட் பாட் பெயரால் சுட்டப்பெறுகிறார். 'மான்சூன் சீசன்' தொகுப்பில் ஹூஸ்டன் கலைஞர் மாக்சோ கிரீம் உடன் பாடியுள்ளார். அமெரிக்கச் சொல்லிசை உலகில் நெடுங்காலம் நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ் நகரங்களே தலைமையிடம் பெற்றிருந்தன. தென்பகுதியினர் தமக்கென ஓர் இடத்தைப் போராடியே பெற்றனர். இந்தியாவிலும் சொல்லிசை என்றால் மும்பையும் தில்லியும் முன்னிற்கத் தென்னகம் பின்னிற்கும் நிலை இருந்தது. 'தெற்கு' என்னும் ஒரே சொல் இவ்விரு நிலங்களையும் ஒருங்கே குறிக்குமாறு அமைவது இவர் பதிவுகளின் சிறந்த கூறுகளுள் ஒன்று. மொழியால் அமெரிக்கத் தெற்கு, பிறப்பால் இந்தியத் தெற்கு. இரண்டும் புறக்கணிக்கப்பட்ட தெற்குகள் என்னும் ஒப்புமையால் இணைகின்றன.

செய்தி கருப்பொருளாதல்: 'பிக் டாக்ஸ்'

மொழி அமெரிக்கத் தெற்கைச் சுட்ட, இந்தியத் தெற்கைச் சுட்டுவது எது? தொல்காப்பியர் எண்ணிய கருப்பொருள் நிரலில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, செய்தி, யாழ் ஆகியன இடம்பெறுகின்றன. செய்தி என்பது அந்நிலத்து மாந்தரின் தொழில். 'பிக் டாக்ஸ்' பாடலின் காட்சிப் பதிவில் நிலத்தைச் சுட்டுவது இச்செய்தியே.

பிஜோய் ஷெட்டி இயக்கிய அக்காட்சிப் பதிவு மலப்புறம் மாவட்டத்துப் பொன்னானியில் அமைந்த மரணக் கிணற்றில் படமாக்கப்பட்டது. மரப்பலகைகளால் வட்டமாக எழுப்பப்பட்ட கிணற்றின் செங்குத்துச் சுவரில் மோட்டார் சைக்கிளும் சிற்றுந்தும் சுற்றிச் சுற்றி ஓடுகின்றன. திருவிழாக்களிலும் பொருட்காட்சிகளிலும் இந்தியாவின் பல பகுதிகளிலும் காணப்படும் தொழில் இது. ஓட்டுவோர் கைப்பிடியை விட்டுக் கைகளை விரிக்கின்றனர். ஓடும் உந்தின் வெளியே உடலை நீட்டி அமர்கின்றனர். பெண் ஒருவரும் அவர்களிடையே உள்ளார். பாடுவோர் கிணற்றின் அடித்தளத்தில் நின்று பாடுகிறார்.

இங்கு நிகழ்வது நுட்பமான ஒரு மாற்றம். ஒலியில் தற்புகழ்ச்சி ஒலிக்கிறது. கண்முன் பிறருடைய ஆற்றல் நிகழ்கிறது. நெடுமொழி கூறுவோன் ஒருவன், நெடுமொழிக்குரிய செயலைச் செய்வோர் வேறு சிலர். புறத்திணை மரபில் நெடுமொழி கூறும் வீரனே களத்தில் செயலாற்ற வேண்டியவன். இங்கு அவ்விருவரும் பிரிக்கப்பட்டமையால் தற்புகழ்ச்சி தன் இயல்பிலிருந்து விலகுகிறது. நாள்தோறும் உயிரைப் பணயம் வைத்து உழைப்போர் சுவரில் சுழல, அடித்தளத்தில் நிற்கும் ஒருவன் கூறும் வீரச் சொற்கள் அவர்களைப் பற்றியனவாகவே கேட்கத் தொடங்குகின்றன. தற்புகழ்ச்சி பிறர்புகழ்ச்சியாகிறது. கரந்தையின் நெடுமொழி பாடாண் திணையை நோக்கி நகர்கிறது எனலாம்.

மேலும் பாடலின் இசையமைப்பும் சுழற்சியை அடிப்படையாகக் கொண்டது. கல்மியின் தாழ்ந்த மின்னொலி ஒரு சிறு துணுக்கை மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்வது. ஒலியின் சுழற்சியும் உந்துகளின் சுழற்சியும் ஒன்றையொன்று விளக்குகின்றன. சுழற்சி நின்றால் உந்து வீழும். அது போலவே சொல்லோட்டம் நின்றால் பாடலும் வீழும். வேகமே நிலைபேற்றுக்குக் காரணம் என்னும் கருத்து ஒரு சொல்லும் கூறாமல் உணர்த்தப்படுகிறது. இவ்வாறு கருப்பொருள் உரிப்பொருளை விளக்கி நிற்பது திணை அமைதியின் பாற்படும். ஹனுமான்கைண்டின் பதிவுகளுள் தலைசிறந்தது 'பிக் டாக்ஸ்' எனக் கொள்வதற்கு அதன் புகழைக் காட்டிலும் இவ்வமைதியே தக்க காரணமாகும்.

பறை கருப்பொருளாதல்: 'ரன் இட் அப்'

'ரன் இட் அப்' பாடலில் நிலத்தைச் சுட்டும் பொறுப்பு ஒலிக்கே வந்து சேர்கிறது. செண்டை மேளத்தின் முழக்கம் பாடலின் அடித்தளமாகிறது. காட்சிப் பதிவில் கேரளத்தின் களரிப்பயிற்று, பஞ்சாபின் கட்கா, மகாராட்டிரத்தின் மர்தானி கேல், மணிப்பூரின் தாங்-தா ஆகிய போர்க்கலைகளும், தெய்யம், கருடன் பறவை முதலிய சடங்குக் கலைகளும் இடம்பெறுகின்றன.

நிலந்தோறும் பறை வேறுபடும் என்பது தமிழ் உரையாசிரியர்கள் விரித்துரைத்த கருத்து. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்திற்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்கு நிரைகோட்பறை என்பன அவர் காட்டும் வகைகள். பறையின் பெயரிலேயே அந்நிலத்தின் தொழில் அடங்கியுள்ளமை கருதத்தக்கது. நெல் அரியும்போது முழங்குவதும், மீன் கொள்ளும்போது முழங்குவதும் வெவ்வேறு பறைகள். ஆகவே பறை என்பது ஒலி மட்டுமன்று. அது எப்போது, எவர், எதற்காக முழக்கினர் என்னும் செய்தியும் அதனுள் அடங்கும்.

இவ்வளவுகோலால் நோக்கும்போது 'ரன் இட் அப்' இருவகை மதிப்பீட்டிற்கு உரியதாகிறது. ஒலி நிலையில் அது வெற்றி பெறுகிறது. ஆங்கில அசையழுத்தமும் செண்டையின் கோல் வீச்சும் ஒரே இடத்தில் விழும்போது, பாடுவோரின் அயல்மொழி செண்டையின் மொழியாக மாறிவிட்டதோ என்னும் மயக்கம் தோன்றுகிறது. மின்னொலித் தாளத்தின் மீது நாட்டார் கருவியை ஒப்பனையாகத் தூவும் வழக்கம் திரையிசையில் மலிந்துள்ளது. இங்கு செண்டை ஒப்பனையாக நில்லாமல் பாடலை நடத்துகிறது. 2025 ஏப்ரலில் அமெரிக்காவின் கோச்செல்லா இசைவிழாவில் செண்டைக் கலைஞரை மேடையேற்றிப் பாடியமை இதற்கு வலுச் சேர்க்கும்.

ஆயினும் செண்டைக்குரிய காலம் இதில் இழக்கப்படுகிறது. கேரளக் கோயில் மேளங்களுள் ஒன்றாகிய பஞ்சாரி மேளம் 96 அட்சரத்தில் தொடங்கி, 48, 24, 12, 6 என ஐந்து காலங்களாகச் சுருங்கிச் சென்று நிறைவடைவது. மிக மெதுவாகத் தொடங்கி, கேட்போரைப் பொறுமையோடு காக்கவைத்து, படிப்படியாக விரைவு கூட்டுவதே அதன் அழகு. ஏறத்தாழ மூன்று நிமிடப் பாடலில் அக்காத்திருப்பிற்கு இடமில்லை. மேளத்தின் உச்ச விரைவு மட்டும் வெட்டி எடுக்கப்பட்டுத் தொடக்கத்திலேயே வைக்கப்படுகிறது. உச்சம் உண்டு, ஏற்றம் இல்லை. பதிவிசையின் கால அளவு பறையின் கால ஒழுங்கை விழுங்கிவிடுகிறது.

இரண்டாவது இழப்பு செய்தி பற்றியது. கோயில் மேளத்தில் செண்டை முழக்கும் உரிமை மரபாக மாரார் முதலிய கோயில்சார் குடியினர்க்கு உரியதாயிருந்தது. தெய்யம் கட்டி ஆடுவோரோ வண்ணான், மலயன், வேலன், புலையன் முதலிய ஒடுக்கப்பட்ட குடியினர். தெய்யமாடுவோர் அணி பூண்ட பொழுதில் மேற்குடியினரும் வணங்கும் தெய்வமாவர். அணி களைந்த பின் பழைய நிலைக்கே மீள்வர். ஒரே கருவியாகிய செண்டை இவ்விரு களங்களிலும் இருவேறு சமூக நிலைகளைத் தாங்கி நிற்கிறது. 'ரன் இட் அப்' காட்சிப் பதிவில் இவ்வேறுபாடு புலப்படுவதில்லை. போர்க்கலைகளும் சடங்குகளும் அடுத்தடுத்து வந்து மறைகின்றன. மரணக் கிணற்றில் மூன்று நிமிடமும் ஒரே தொழிலைக் கூர்ந்து நோக்கிய கண், இங்கு பல நிலங்களின் கலைகளை நிரலாக அடுக்கிக் காட்டுகிறது. முன்னதில் இருந்தது திணை. பின்னதில் இருப்பது தொகை.

பாடல் பெற்ற வரவேற்பும் இதனை உறுதிப்படுத்துகிறது. 2025 மார்ச் இறுதியில் இந்தியப் பிரதமர் தம் வானொலி உரையில் இப்பாடலைக் குறிப்பிட்டு, மரபான போர்க்கலைகள் உலகிற்கு அறிமுகமாவதைப் பாராட்டினார். பாராட்டு உரியதே. ஆயின் நெடுமொழியின் கூர்மை எதனை நோக்கியது என்னும் வினா அப்பாராட்டில் எழவில்லை. எவரையும் நெருடாத நெடுமொழி பண்பாட்டுக் காட்சியாக ஏற்கப்படுகிறது. புறநானூற்று வஞ்சினத்தின் வலிமையோ, அது பிழைத்தால் நேரும் பழியைத் தானே ஏற்றுக்கொள்வதில் உள்ளது. இழக்கத் துணியாத நெடுமொழி பாதியே நெடுமொழி.

பெங்களூர்: நடுவண் நிலம்

இப்பதிவுகளில் ஹூஸ்டன் ஓசையாகவும் மலப்புறம் கருப்பொருளாகவும் இடம்பெற, கலைஞர் உருவாகிய பெங்களூர் எங்கே என்னும் வினா எஞ்சுகிறது. தொல்காப்பியர் ஐந்திணைகளுள் நடுவணதாகிய பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் காட்டும் விளக்கம். பாலைக்குரிய ஒழுக்கம் பிரிவு. பிரிவுகளுள் தலையாயது பொருள்வயிற் பிரிவு. தென்னிந்திய இளைஞர் பலர்க்குப் பெங்களூர் பொருள்வயிற் பிரிந்து சேரும் ஊராகக் கடந்த சில பதின்ம ஆண்டுகளாக விளங்கி வருகிறது. மலையாள மாணவர் பெங்களூருக்குப் படிக்கச் சென்று அல்லற்படுவதே 'ஆவேசம்' படத்தின் கதை. அப்படத்திற்கு இவர் பாடியமை பொருத்தமுடையது. நிறுவனப் பணிக்கென வந்து, அப்பணியையும் துறந்தவர் இவர்.

இந்நோக்கில் பெங்களூர் இப்பதிவுகளில் பாலை போன்று தன் நிலமின்றி நிற்கிறது. 'செங்கிஸ்' பாடலில் நகர வாழ்வு பேசப்படுகிறது. ஆனால் புகழ் பெருகப் பெருக அந்நகரம் பின்னுக்குச் சென்று கேரளம் முன்னுக்கு வருகிறது. பெங்களூர்ச் சொல்லிசைக்கு இது பொது இயல்பன்று. அந்நகரின் முன்னோடிக் குழுக்களுள் ஒன்று 'மச்சாஸ் வித் ஆட்டிட்யூட்'. பிரோதா வி, ஸ்மோக்கி த கோஸ்ட் ஆகியோர் அதில் இயங்கிப் பின்னர்த் தனிக் கலைஞராயினர். ஆங்கிலமே மிகுதியாகப் பாடிய அக்குழு, 'மச்சான்' என்னும் தமிழ் உறவுச்சொல் பெங்களூர்த் தெருக்களில் 'மச்சா' எனத் திரிந்து விளிச்சொல்லாய் வழங்குவதைத் தன் பெயரிலேயே கொண்டிருந்தது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் உராயும் நகரத்தின் கலப்பொலி அந்த ஒரு சொல்லில் உள்ளது.

பெங்களூருக்கெனப் பறை இல்லாமலும் இல்லை. ஊர்வலங்களிலும் இறுதிச் சடங்குகளிலும் முழங்கும் தமட்டெ அந்நகரின் தெருக்களுக்கு உரியது. ஆண்டுதோறும் சித்திரை முழுநிலவில் திகளர் சமூகத்தார் எடுக்கும் கரகம் அந்நகரின் தொன்மையான விழா. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு முற்பட்ட பெங்களூர் இவற்றில் வாழ்கிறது. இங்கு ஆராயப்பட்ட பதிவுகளில் இவ்வொலிகள் முன்னிடம் பெறவில்லை. கலைஞன் தான் பிறந்த நிலத்தை நினைந்து பாடுவது இயல்பே. எனினும் தனக்கு வாழ்வு தந்த ஊரைப் பாலையாகவே விட்டுவிடுவது, வந்தேறியோர் பலரும் அந்நகரை நோக்கும் நோக்கின் எதிரொலியாகும். ஊர் இருக்கிறது, ஊர்ப்பற்று வேறெங்கோ இருக்கிறது.

மொழி சுமக்கும் நிலம்

தமிழ்ச் சொல்லிசையோடு ஒப்பிடும்போது இப்பதிவுகளின் இயல்பு மேலும் தெளிவாகும். மலேசியாவின் யோகி பி, நட்சத்திரா குழுவினர் 2006இல் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பு தமிழ்ச் சொல்லிசை வரலாற்றில் ஒரு திருப்புமுனை. 2019இல் அறிவும் ஓஃப்ரோவும் வெளியிட்ட 'தெருக்குறள்' தொகுப்பின் பெயரே ஒரு நிலைப்பாடு. திருக்குறளின் முதற்சொல்லில் ஓர் எழுத்தை மாற்றி, அறநூலின் மாட்சியைத் தெருவிற்கு உரியதாக்குகிறது அது. இத்தகைய சொல்விளையாட்டு அம்மொழியுள் மட்டுமே நிகழக்கூடியது. அறிவு இயங்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, கானாவையும் பறையையும் சொல்லிசையோடு இணைத்தபோது அவற்றை முழக்குவோரின் சமூக நிலையையும் பாடுபொருளாக்கியது. அங்கு பறையும் மொழியும் செய்தியும் ஒரே நிலத்தில் வேர் கொண்டன.

ஹனுமான்கைண்டிடம் அவ்வாய்ப்பு இல்லை. அவர் வளர்ந்த மொழி ஆங்கிலம். தாய்மொழியில் பாடவில்லை என்று அவரைக் குறை கூறுதல் அவர்தம் வாழ்வையே குறை கூறுதலாகும். புலம்பெயர்ந்தோர் பிள்ளைகள் பலர்க்கும் வாய்த்த நிலை இது; அவருள் தமிழ்ப் பிள்ளைகளும் அடங்குவர். மொழியை இழந்த தலைமுறை நிலத்தை எவ்வாறு மீட்கும் என்னும் வினாவிற்கு அவர் பதிவுகள் ஒரு விடை தருகின்றன. கருப்பொருள் வழியாக மீட்கலாம் என்பது அவ்விடை. மீட்கப்படும் கருப்பொருள் உழைப்போரோடு பிணைந்து வரும்போது அது நிலமாகிறது. உழைப்போரிலிருந்து பிரிந்து வரும்போது அது அணியாகிறது.

முடிவுரை

ஹனுமான்கைண்டின் பதிவுகளில் மொழி நிலத்தைச் சுட்டாமையால் அப்பொறுப்பைக் கருப்பொருள் ஏற்கிறது. 'பிக் டாக்ஸ்' பாடலில் செய்தியும், 'ரன் இட் அப்' பாடலில் பறையும் அப்பணியை ஆற்றுகின்றன. சொல்லிசையின் தற்புகழ்ச்சி தமிழ் நெடுமொழி மரபோடு ஒப்புநோக்கத்தக்கது. இவர்திறத்து, ஆற்றல் அறியாதாரிடையே தன்னை உணர்த்துதல் என்னும் நன்னூல் விலக்கு மிகுதியும் பொருந்துகிறது. 'பிக் டாக்ஸ்' தன் நெடுமொழியைத் தொழிலாளர்க்கு உரிமையாக்கித் திணை அமைதி பெறுகிறது. 'ரன் இட் அப்' ஒலியால் உயர்ந்தும், பறையின் காலத்தையும் அதனை முழக்குவோரின் நிலையையும் இழந்து காட்சித் தொகையாகிறது. கலைஞர் உருவான பெங்களூர், தனக்கெனப் பறை உடையதாயிருந்தும், இப்பதிவுகளில் நிலமற்ற நடுவண் நிலமாகவே நிற்கிறது.

திணைக்கோட்பாட்டைச் சங்கச் செய்யுளுக்கு மட்டும் உரியதாக வைத்துக் காப்பது அதனைப் பேழையுள் வைத்துப் பூட்டுவதாகும். அயல்மொழிப் பாடல் ஒன்றின் முன் நிறுத்தி வினவும்போதும் அது விடை தருகிறது என்பதும், அவ்விடை வெறும் பாராட்டாகவோ வெறும் மறுப்பாகவோ அமையாமல் மதிப்பீடாக அமைகிறது என்பதும் இவ்வாய்வால் புலனாகின்றன. ஒரு பாடலில் பறை ஒலிக்கும்போது, அதனை முழக்கும் கை எவருடையது என்று கேட்கும் பழக்கத்தை உரையாசிரியர்கள் விட்டுச் சென்றனர். பதிவிசை பெருகிய இக்காலத்திலும் தமிழ்த் திறனாய்வு கைவிடலாகாத வினா அது.